இம்ப்ளான்ட் நிரப்பும், தூக்காது

மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை பற்றி ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர், உள்ளே வைக்கும் இம்ப்ளான்டின் கொள்ளளவாக ஒரு எண்ணைக் கையோடு கொண்டுவருகிறார்கள். 300 சிசி, 350 சிசி. தோழி வைத்துக்கொண்டது, இன்ஸ்டாகிராமில் பார்த்தது, பிரா கடையில் கப் அளவை வைத்துத் தானே கணக்குப் போட்டது என்று அந்த எண்ணுக்குப் பின்னால் நிறைய மெனக்கெடல் இருக்கும். ஆனால் மார்பக அறுவையில் சிசி கடைசியாக முடிவாக வேண்டிய விஷயம். முதலில் தீர வேண்டிய கேள்வி வேறு. உள்ளே காலியாகிப் போயிருக்கிறதா, கீழே இறங்கிப் போயிருக்கிறதா, இல்லை இரண்டுமா?

இம்ப்ளான்ட், அதாவது மார்பகத்துக்குள் வைக்கும் ஜெல் பை, உள்ளளவைக் கூட்டும். லிஃப்ட், மருத்துவப் பெயரில் மாஸ்டோபெக்ஸி, மிஞ்சிய தோலை வெட்டி எடுத்துவிட்டுக் காம்பை மேலே கொண்டுபோய் உட்காரவைக்கும். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. பஞ்சு அமுங்கிய தலையணைக்குப் புதுப் பஞ்சு அடைக்கலாம். உறையே நீண்டு தொளதொளத்திருந்தால், அடைத்த பஞ்சு உறையின் அடியில் போய்த்தான் உட்காரும்.

இருந்தாலும் ஆலோசனை அறையில் இந்த உரையாடல் ஓயாமல் நடக்கிறது.

“டாக்டர், லிஃப்ட் வேண்டாம், தழும்பு விழும். அதுக்குப் பதிலா கொஞ்சம் பெரிய சைஸா வெச்சுட்டா தானா மேலே ஏறிடாதா?”

“ஏறாதும்மா. வெயிட்டுக்கு இன்னும் கீழேதான் இழுக்கும்.”

இந்த இரண்டு வரிக்குள் விஷயம் அடங்கிவிடும் என்றால் கட்டுரைக்கு அவசியமே இல்லை. எந்த அளவு தொய்வு வரை இம்ப்ளான்ட் மட்டும் போதும், எங்கே போதாது, நடுவில் சிக்கிக்கொள்கிறவர்கள் என்ன செய்வது என்பதில்தான் சிக்கல் எல்லாம்.

கண்ணாடியும் டேப்பும்

தையல்காரரின் இஞ்ச் டேப்பில் சென்டிமீட்டர் பக்கம் போதும். பிரா இல்லாமல், கைகளைத் தொங்கவிட்டுக் கண்ணாடி முன் நேராக நில்லுங்கள். மார்பகத்தின் அடியில், மார்புச் சுவரோடு அது சேரும் இடத்தில் ஒரு மடிப்பு இருக்கும். மார்படி மடிப்பு என்று வைத்துக்கொள்வோம். பழைய ஏடிஎம் கார்டு ஒன்றை அந்த மடிப்பில் படுக்கையாக வைத்து, அதன் மட்டம் முன்பக்கத்தில் எங்கே வருகிறது என்று பாருங்கள். காம்பு அந்த மட்டத்துக்கு மேலே இருக்கிறதா, அதே மட்டத்திலா, கீழேயா?

மான்ட்ரியல் நகரப் பிளாஸ்டிக் சர்ஜன் பால் ரெனோ 1976-இல் வகுத்த தரவரிசைதான் இன்றும் சென்னை சர்ஜன்களின் கேஸ் ஷீட்டில் ஏறுகிறது. காம்பு மடிப்பின் மட்டத்திலேயே இருந்தால் முதல் தரத் தொய்வு. மடிப்புக்குக் கீழே இறங்கி, ஆனால் மார்பகத்தின் அடிவிளிம்புக்கு மேலே நின்றால் இரண்டாம் தரம். காம்பு அடிவிளிம்பிலேயே இருந்து தரையைப் பார்த்தால் மூன்றாம் தரம். இவை தவிர இன்னொன்று உண்டு. காம்பு மடிப்புக்கு மேலேயே இருக்கும்; சதை மட்டும் கீழே சரிந்து தொங்கும். இதைப் போலித் தொய்வு என்கிறார்கள். பாலூட்டி முடித்தவர்களிடமும் உடல் எடை குறைந்தவர்களிடமும் அதிகம் பார்க்கக் கூடியது.

பென்சில் சோதனையை மறந்துவிடுங்கள். மார்பகத்தின் அடியில் பென்சில் வைத்து, அது விழாமல் நின்றால் லிஃப்ட் தேவை என்று பெண்கள் பத்திரிகைகள் பல காலமாகச் சொல்லிவருகின்றன. கொஞ்சம் பருமனான மார்பகம் என்றால் தொய்வே இல்லாதபோதும் பென்சில் நிற்கும். சதை வற்றித் தொய்ந்த சிறிய மார்பகத்தில் விழுந்தும் விடும்.

டேப்பில் இரண்டு அளவு எடுங்கள். கழுத்தெலும்புகள் சந்திக்கும் குழியிலிருந்து காம்பு வரை ஒன்று. தொய்வில்லாத மார்பகத்தில் இது 19 முதல் 21 செ.மீ வரை இருக்கும். 24-ஐத் தாண்டினால் லிஃப்ட் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஆனால் இந்த அளவை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஐந்தடிக்குக் குறைந்தவருக்கு 22 என்பதே தொய்வாக இருக்கலாம், ஐந்தே முக்கால் அடிப் பெண்ணுக்கு 22 இயல்பு. அதனால் காம்பு மேல்கையின் நடுப்பகுதிக்கு நேராக நிற்கிறதா என்றும் கண்ணால் பார்த்துக்கொள்வது வழக்கம். அடுத்தது, காம்பை மெல்ல மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து மார்படி மடிப்பு வரை. மார்பகத்தின் அடி அகலம் 12 செ.மீ என்றால் இந்த நீளம் ஏறத்தாழ 8 செ.மீ இருப்பது அழகு. 9.5, 10 என்று போனால் கீழ்ப்பகுதித் தோல் மிஞ்சிவிட்டது என்று பொருள்.

மூன்றாவதற்கு டேப் தேவையில்லை, விரல் போதும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் விளிம்பைப் பிடித்து முன்பக்கமாக இழுத்துப் பாருங்கள். 2, 3 செ.மீ வந்தால் சாதாரணம். 4-க்கு மேல் வந்தால் தோல் பிடிமானத்தை இழந்துவிட்டது. எந்த இம்ப்ளான்டையும் அது நெடுநாள் தாங்கிப் பிடிக்காது. வெள்ளையாக ஓடும் நீட்சித் தழும்புகளும் அதைத்தான் சொல்கின்றன.

இம்ப்ளான்ட் மட்டும் போதுமானவர்கள்

காம்பு மடிப்புக்கு மேலே, தோல் இறுக்கம், உள்ளே மட்டும் காலி. இவர்களுக்கு யோசனையே வேண்டாம். மார்படி மடிப்பில் 4 முதல் 5 செ.மீ நீளத்துக்கு ஒரு வெட்டு, ஒன்று அல்லது ஒன்றரை மணி நேர அறுவை, முடிந்தது. தழும்பும் மார்பகத்தின் நிழலிலேயே மறைந்துவிடும்.

லேசான போலித் தொய்வு உள்ளவர்களுக்கும் இது பெரும்பாலும் ஒத்துவரும். காலியான மேல்பகுதி நிரம்பி, தோல் விரிந்து, காம்பு சற்று முன்னோக்கித் திரும்பும். தூக்கிவிட்டது போலக் கண்ணுக்குத் தெரிவது இதனால்தான். டேப் வைத்து அளந்தால் கழுத்துக் குழியிலிருந்து காம்புக்கான தூரம் குறைந்திருக்காது. மேட்டின் மேல் ஏறி இறங்குவதால் கூடியும் இருக்கும்.

அடுத்த வகையினர்தான் தர்மசங்கடம். முதல் தரத் தொய்வு, நடுத்தரமாகத் தளர்ந்த தோல், “தழும்பு கூடாது” என்ற பிடிவாதம். இவர்களுக்காக டூயல் பிளேன் என்ற முறை இருக்கிறது. அமெரிக்க சர்ஜன் ஜான் டெபெட்ஸ் 2001-இல் விவரித்தது. இம்ப்ளான்டின் மேல்பாதி மார்புத் தசைக்கு அடியில், கீழ்ப்பாதி சுரப்பித் திசுவுக்கு அடியில் என்று அமையும். சுரப்பியைத் தசையிலிருந்து எவ்வளவு உயரம் வரை பிரித்துவிடுகிறார்கள் என்பதைப் பொறுத்து, தொய்ந்த திசு இம்ப்ளான்டின் மேல் சரியாக விரிந்து படியும். சிறிய தொய்வை இது நன்றாகவே மறைக்கும். மறைக்கும் என்பதுதான் சரியான சொல். நீக்கும் என்று யாராவது சொன்னால் அவர் விற்பனைப் பேச்சுப் பேசுகிறார்.

பெரிதாக வைத்துச் சமாளித்தால்

இந்தத் துறையில் அதிகம் வருத்தம் தருகிற முடிவு இது என்பது என் கருத்து. தழும்பைத் தவிர்க்க நினைத்து, 275 போதுமான மார்புக்கு 400 வைத்துக்கொள்வது. சிலிக்கான் ஜெல் கிட்டத்தட்டத் தண்ணீரின் எடை. 400 சிசி இரண்டு வைத்தால் முக்கால் கிலோவுக்கு மேல், ஏற்கெனவே தொய்ந்த தோலின் மேல், இரவும் பகலும்.

என்னென்ன நடக்கும்? இம்ப்ளான்ட் தசைக்கு அடியில் உயரத்திலேயே நின்றுவிட, சொந்தத் திசு அதன் முன்னால் வழிந்து கீழே தொங்கும். அருவி போல என்று ஆங்கிலத்தில் பெயர். பக்கவாட்டில் பார்த்தால் மேலே ஒரு மேடு, அதற்குக் கீழே காம்போடு இன்னொரு சரிவு. இம்ப்ளான்ட் பழைய மடிப்பைத் தாண்டிக் கீழே இறங்க, பழைய மடிப்பின் கோடு நடுவில் அப்படியே நின்றுவிடுவது வேறொரு கோளாறு; ஒரே மார்பகத்தில் இரண்டு அடிவிளிம்பு தெரியும். மூன்றாவது மெதுவாக வரும். கீழ்த்தோல் எடை தாங்காமல் மாதக்கணக்கில் நீண்டு இம்ப்ளான்ட் அடியில் போய்விட, காம்பு மேலே பார்க்கும், பிரா விளிம்புக்கு மேலே எட்டிக்கூடப் பார்க்கும். இந்த மூன்றில் எதைச் சரிசெய்யப் போனாலும் கடைசியில் லிஃப்ட் தழும்பு விழத்தான் செய்யும். கூடவே இரண்டாவது மயக்க மருந்து, மெலிந்துபோன திசு, இன்னொரு பில்.

தழும்பைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல்

கருவட்டத்தைச் சுற்றி மட்டும் வெட்டுவது முதல் வகை. கேட்பதற்கு ஆசையாக இருக்கும். ஆனால் காம்பை 2 செ.மீக்கு மேல் தூக்க இதை நம்பக் கூடாது. வட்டமாக வெட்டிய பெரிய விளிம்பைச் சிறிய விளிம்போடு இழுத்துத் தைப்பதால் சுற்றிலும் சுருக்கம் விழும், மார்பகத்தின் முனை தட்டையாகும், தையல் தளர்ந்தால் கருவட்டம் அகன்றுபோகும். கரையாத நூலால் சுருக்குப் பை மாதிரி இறுக்கிக் கட்டுவது கருவட்டம் அகலாமல் இருக்கத்தான். அதுவும் எப்போதும் காப்பாற்றுவதில்லை. இரண்டாவது வகையில் வட்டத்தோடு, அங்கிருந்து மடிப்பு வரை ஒரு நெடுக்குக் கோடு சேரும். இரண்டாம் தரத் தொய்வுக்குப் பெரும்பாலும் இதுவே போதும். வடிவமும் நன்றாக அமையும். மூன்றாவதில் மடிப்பை ஒட்டி ஒரு படுக்கைக் கோடும் சேர்ந்து தலைகீழ் ‘டி’ ஆகும். மூன்றாம் தரத்துக்கும், உடல் எடை பெருமளவு குறைத்தவர்களுக்கும் இது தவிர வழியில்லை.

எந்த வகையானாலும் தழும்பு காம்பின் மட்டத்திலும் அதற்குக் கீழேயும்தான். எவ்வளவு இறங்கிய கழுத்து வைத்து பிளவுஸ் தைத்தாலும் வெளியே தெரியாது. இதைச் சொன்னதும் பலரின் முகம் தெளிவதைப் பார்க்கலாம். மனதில் அவர்கள் வரைந்து வைத்திருந்த தழும்பு மார்பின் மேல்பக்கத்தில் இருந்திருக்கும்.

நம் நிறத் தோலுக்கு என்று இரண்டு விஷயம் இருக்கிறது. தழும்பு முதல் சில மாதங்கள் சிவந்து, பிறகு சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்து நிற்கும். மங்கி மட்டமாக ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். இரண்டாவது கெலாய்டு. காது குத்திய இடத்திலோ அம்மைக் குத்திலோ தழும்பு தடித்து வளர்ந்த சரித்திரம் இருந்தால், அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தாலும்கூட, முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். நடு மார்புக்கு அருகில் வருகிற படுக்கைக் கோட்டின் உள்முனைதான் அதிகம் தடிக்கும் இடம். அந்தக் கோட்டைக் குறுக்கியோ தவிர்த்தோ திட்டமிடலாம். காயம் முழுவதும் மூடிய பிறகு, சுமார் மூன்றாவது வாரத்திலிருந்து, சிலிக்கான் ஜெல் அல்லது ஷீட்டைக் குறைந்தது மூன்று மாதம் விடாமல் போடுவது நிரூபணமான வழி. தேங்காய் எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை. அது இதற்கு மாற்று இல்லை, அவ்வளவுதான்.

யாரும் சொல்லாத மூன்றாவது பதில்

கேள்வியை ‘இம்ப்ளான்ட் மட்டுமா, இம்ப்ளான்டும் லிஃப்டுமா’ என்று கேட்டுப் பழகியதில், ‘லிஃப்ட் மட்டும்’ என்ற பதில் காணாமல் போகிறது. கண்ணாடி முன் நின்று இரண்டு கைகளாலும் மார்பகத்தை அடியிலிருந்து ஏந்தி, விரும்பும் உயரத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள். மேல்பகுதி தானாக நிரம்பி, “இது போதுமே” என்று தோன்றினால் இம்ப்ளான்டே தேவையில்லை. பொருத்தமான பிரா போட்டதும் அளவில் திருப்தி வருகிறவர்களுக்கும் அதே பதில்தான். அடியில் மிஞ்சும் சொந்தத் திசுவை மடித்து மேலே செருகும் முறைகளும் உண்டு. உடலுக்குள் அன்னியப் பொருள் இல்லை, பத்துப் பதினைந்து வருடத்தில் மாற்ற வேண்டியதும் இல்லை. ஒரு குறை உண்டு. நெஞ்சின் மேல்பக்கத்தில் நிரந்தரமான உருண்ட நிறைவு வேண்டும் என்பவர்களுக்கு லிஃப்ட் மட்டும் தராது. முதல் சில மாதங்களில் இருக்கும் நிறைவு பிறகு கொஞ்சம் இறங்கிவிடும்.

தூக்கிப் பிடித்தும் மேல்பகுதி பள்ளமாகவே இருந்தால்தான் இரண்டும் சேர்ந்த அறுவைக்கு அர்த்தம். அப்போது அரிசியை எடுக்கலாம். சமையலறை அளவுக் குவளையால் 250 மில்லி பொன்னி அரிசியை மெல்லிய நைலான் சாக்ஸில் போட்டு முடிந்து, அளவான பிராவுக்குள் வைத்துச் சட்டை போட்டுப் பாருங்கள். மில்லியும் சிசியும் ஒன்றே. பிறகு 300. ஒவ்வோர் அளவிலும் அரைநாள் வீட்டு வேலை செய்துபாருங்கள். ஆடைக்குள் அளவு எப்படித் தெரியும் என்பதை இது காட்டும். தொய்வையோ வடிவத்தையோ பற்றி ஒன்றும் சொல்லாது. லிஃப்டும் சேர்ந்தால் தேவைப்படும் சிசி குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள். தொங்கும் தோலை நிரப்ப வேண்டியதில்லை அல்லவா.

ஒரே மேசையில் இரண்டு எதிரெதிர் வேலை

இம்ப்ளான்ட் தோலை உள்ளிருந்து விரிக்கிறது. லிஃப்ட் தோலை வெளியிலிருந்து இறுக்குகிறது. இரண்டையும் ஒன்றாகச் செய்வது, கட்டிக்கொண்டே அவிழ்ப்பது மாதிரி. அதனால்தான் தனித்தனியாகச் செய்யும்போது இருப்பதைவிடச் சேர்த்துச் செய்யும்போது மறு அறுவை தேவைப்படுவது கூடுதல். அறுவை நேரமும் இரண்டரை மணியிலிருந்து நான்கு மணி வரை போகும்.

குறி போடுவது அறுவை அரங்குக்குள் போவதற்கு முன்பே, நோயாளி நின்றுகொண்டோ உட்கார்ந்தோ இருக்கும்போது நடக்க வேண்டும். படுத்தால் மார்பகம் பக்கவாட்டில் சரிந்து எல்லாக் கணக்கும் தப்பிவிடும். பிறகு நல்ல சர்ஜன் செய்யும் வரிசை இது. முதலில் இம்ப்ளான்டை வைப்பார். அடுத்து, வெட்டாமலேயே, மிஞ்சும் தோலை மடித்து ஸ்டேப்ளரால் தற்காலிகமாகப் பிடிப்பார். பிளவுஸில் டாட் பிடிப்பதற்கு முன் தையல்காரர் குண்டூசி குத்திப் பார்ப்பாரே, அதேதான். மேசையின் தலைப்பக்கத்தை உயர்த்தி நோயாளியை உட்காரவைத்து, இரண்டு பக்கமும் சமமா, காம்பு இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார். அதற்குப் பின்தான் கத்தி தோலில் படும். கருவட்டத்தை 38 முதல் 42 மி.மீ விட்டமுள்ள வட்ட அச்சால் அடையாளம் செய்வார்கள். முன்கூட்டியே குறித்த அளவுக்குத் தோலை வெட்டிவிட்டு இம்ப்ளான்டைத் திணித்தால் தையல் மூடாது. மூடினாலும் இழுவையில் பிரியும்.

பெரிய பயம் காம்பின் இரத்த ஓட்டம். லிஃப்டில் காம்பு ஒரு திசுத் தண்டில் ஒட்டிக்கொண்டு இடம் மாறுகிறது. அந்தத் தண்டுக்கு அடியில் இம்ப்ளான்ட் அழுத்துகிறது. இம்ப்ளான்டுக்கு உள்ளே இடம் பிரிக்கும்போது சில இரத்தக் குழாய்கள் அறுபட்டும் இருக்கும். புகைப்பவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு. அறுவைக்கு முன்னும் பின்னும் நான்கு வாரமாவது நிகோடின் அறவே கூடாது. சிகரெட் மட்டுமில்லை; வெற்றிலையோடு போடும் புகையிலை, நிகோடின் சூயிங்கம், வேப் எல்லாமே இதில் சேர்த்தி. இதை டாக்டரிடம் மறைத்தால் இழப்பது காம்பை.

யாருக்கு இரண்டு கட்டமாகப் பிரிக்க வேண்டும்? மூன்றாம் தரத் தொய்வோடு பெரிய இம்ப்ளான்டும் கேட்பவர்கள், எடைக்குறைப்பு அறுவை செய்து தோல் காகிதமாக மெலிந்தவர்கள், காம்பை 5, 6 செ.மீ நகர்த்த வேண்டியவர்கள், முன்பே மார்பகத்தில் வேறு அறுவை நடந்தவர்கள். முதலில் லிஃப்ட், மூன்று முதல் ஆறு மாதம் கழித்து இம்ப்ளான்ட். இரண்டாவது கட்டம் சிறியது, கணிக்கக்கூடியது. இன்னொரு நன்மையும் உண்டு. முதல் கட்டத்துக்குப் பிறகு கண்ணாடியைப் பார்த்துவிட்டு, “இதுவே நல்லாத்தான் இருக்கு” என்று இரண்டாவதுக்கு வராமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. இரண்டு மயக்க மருந்து, இரண்டு முறை விடுப்பு, இரண்டு செலவு என்பது இதன் விலை. இரண்டாம் தரத் தொய்வு, 300-க்குள் இம்ப்ளான்ட், புகைக்காத உடல் என்றால் ஒரே கட்டமாகச் செய்வதில் எனக்குத் தயக்கமில்லை. அதற்கு மேல் போகும்போது “ஒரே நாளில் முடித்துவிடலாம்” என்று உற்சாகமாகச் சொல்கிற சர்ஜனைவிட, தயங்குகிற சர்ஜனையே நம்புவேன்.

பொருள் பற்றிக் கொஞ்சம்

மார்பின் மேல்பகுதித் தோலையும் கொழுப்பையும் சேர்த்துக் கிள்ளினால் 2 செ.மீக்குக் குறைவாக வந்தால் இம்ப்ளான்ட் தசைக்கு அடியில் போவது நல்லது. இல்லையென்றால் விளிம்பு தெரியும், கையில் நெருடும். இம்ப்ளான்டின் அகலம் மார்பக அடி அகலத்தைவிட அரை முதல் ஒரு செ.மீ குறைவாக இருக்க வேண்டும். சிசியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த அகலம்தான்.

சொரசொரப்பான மேல்பரப்பு கொண்டவற்றோடு ஒரு வகை அரிய லிம்போமா புற்றுநோய் தொடர்புபட்டதால், அமெரிக்க அரசின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கேட்டுக்கொண்டதன் பேரில் 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகை இம்ப்ளான்டை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. இன்று வழவழப்பானதைக் கேட்பதே பாதுகாப்பான பக்கம். இம்ப்ளான்டைச் சுற்றி உடல் கட்டும் உறை சிலருக்கு இறுகி மார்பகத்தையே கல்லாக்கிவிடும். ஒருவருக்கு வருமா வராதா என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. இம்ப்ளான்ட் வாழ்நாள் பொருளும் இல்லை. ஜெல் இம்ப்ளான்ட் சத்தமில்லாமல் கிழியக் கூடியது என்பதால், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் ஐந்தாறு வருடம் கழித்து ஒரு முறையும், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறையும் அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ எடுக்கச் சொல்கிறது எஃப்டிஏயின் வழிகாட்டல். மேமோகிராம் எடுக்கும்போது இம்ப்ளான்ட் இருப்பதை முதலிலேயே சொன்னால், அதைப் பின்னுக்குத் தள்ளிக் கூடுதல் படங்கள் எடுப்பார்கள்.

அறுவைக்குப் பிறகு வரிசை எண்ணும் லாட் எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கரை வாங்கி, பத்திரங்கள் இருக்கும் ஃபைலில் வையுங்கள். தராவிட்டால் கேளுங்கள். அப்போதும் தராவிட்டால் அதுவே ஒரு தகவல்தான்.

இன்னும் குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் லிஃப்டைத் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனம். பாலூட்டல் முடிந்து குறைந்தது மூன்று மாதம், எடை நிலைத்து ஆறு மாதம் ஆன பிறகு எடுக்கும் அளவுதான் உண்மையான அளவு. டயட்டில் பாதி வழியில் இருப்பவர், பத்து கிலோ குறைந்த பிறகு வரலாம்.

சென்னையில் செய்துகொள்வது என்றால்

பலகையில் ‘காஸ்மெடிக் சர்ஜன்’ என்று எழுதியிருப்பது போதாது. பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச் அல்லது டிஎன்பி பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தளத்தில் சரிபார்க்கலாம். மயக்க மருந்து நிபுணர் முழு நேரமும் இருக்கும், இரவில் திரும்ப அரங்குக்குக் கொண்டுபோக வசதியுள்ள மருத்துவமனைதானா என்றும் கேளுங்கள். அழகுக்காகச் செய்யும் அறுவையை மருத்துவக் காப்பீடு ஏற்காது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய மறுசீரமைப்பு ஆகியவை வேறு கணக்கு. பணமே தடை என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2018-இல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அறுவைக்கென்று இலவசப் பிரிவு தொடங்கப்பட்டது; பழைய வண்ணாரப்பேட்டை வரை போய்ப் பிளாஸ்டிக் சர்ஜரி துறையில் விசாரிப்பதில் நஷ்டமில்லை.

தொகை சொல்லும்போது இம்ப்ளான்ட் ஜோடியின் விலை, அரங்குக் கட்டணம், மயக்க மருந்துக் கட்டணம், வரி, ஆறு வாரம் போட வேண்டிய பிரா எல்லாம் உள்ளடக்கமா என்று தாளில் எழுதி வாங்குங்கள். மறு அறுவை வந்தால் யார் எதற்குக் கொடுப்பது என்பதும் அதே தாளில் இருக்கட்டும். ஓர் உறுத்தலான கேள்வியாகத் தோன்றலாம். சேர்ந்த அறுவையில் அது அவசியமான கேள்வி.

முன்பரிசோதனையில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, இசிஜி, மார்பக அல்ட்ராசவுண்ட் வழக்கமாக இருக்கும். இரத்த சோகை இருந்தால் இரும்புச் சத்து ஏற்றிக்கொண்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து வருவது காயம் ஆறுவதற்கே நல்லது. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், வைட்டமின் ஈ, மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்துச் சூரணங்கள் இரத்தம் உறைவதைக் கெடுக்கக் கூடியவை. இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். மின்சூட்டுக் கருவி பயன்படுத்துவதால் உலோக நகை எதுவும் உடலில் இருக்கக் கூடாது. தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் முதல் நாளே மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு வருவது நல்லது. அரங்கு வாசலில் அந்த வாக்குவாதம் வேண்டாம்.

நாள் குறிக்கும்போது அக்னி நட்சத்திரத்தைத் தவிர்க்கச் சொல்வேன். ஆறு வாரம் இறுக்கமான பிரா, மடிப்பில் தையல், மே மாத வியர்வை. இந்தக் கூட்டணியில் பூஞ்சைப் படை வராமல் தப்புவது கஷ்டம். மார்கழி, தை உகந்த மாதங்கள். எப்போது செய்தாலும் பிரா மூன்று நான்காவது வேண்டும், கம்பி இல்லாமல், முன்பக்கம் கொக்கி வைத்தது. டால்கம் பவுடர் வேண்டாம். குளிக்க அனுமதி கிடைத்த பிறகு மடிப்பை ஒற்றி எடுத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்தினால் போதும்.

மேசை வேலைக்கு இம்ப்ளான்ட் மட்டும் என்றால் ஒரு வாரம், இரண்டும் சேர்ந்தால் இரண்டு வாரம். 20 லிட்டர் தண்ணீர் கேனை ஆறு வாரம் தொடக்கூடாது; கேன் போடும் தம்பியையே கவிழ்த்து வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். கிரைண்டர் கல் தூக்குவதும் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குவதும் அதே கணக்கில். ஸ்கூட்டி நான்கு முதல் ஆறு வாரத்துக்குப் பிறகு. ஆட்டோ ஓட்டுநரிடம் வேகத்தடையில் மெல்லப் போகச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். புது பிளவுஸ் மூன்று மாதத்துக்கு முன் தைக்கக் கொடுக்காதீர்கள்; இம்ப்ளான்ட் இறங்கி இடம் பிடித்து, வீக்கம் வடிந்து, அளவு நிலைக்க அவ்வளவு நாள் ஆகும். பிறகும் உள்ளே துணி விட்டே தைக்கச் சொல்லுங்கள்.

வேலூரிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ வருகிறவர்கள் முதல் இரண்டு நாள் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி, இறுகி, வலி ஏறிக்கொண்டே போனால் உள்ளே இரத்தம் கட்டுகிறது. காலை வரை காத்திருக்கக் கூடாது. காம்பு நீலமாகவோ கறுத்தோ போனாலும் அப்படியே. தலைகீழ் ‘டி’யில் மூன்று கோடுகள் சந்திக்கும் புள்ளி இரண்டாவது வாரத்தில் கொஞ்சம் பிரிவது பரவலாக நடப்பதுதான், கட்டுப் போட்டே ஆறிவிடும். காய்ச்சல், சிவப்பு, சீழ் சேர்ந்தால் அது வேறு கதை. உள்ளே இம்ப்ளான்ட் இருப்பதால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

முடிவெடுக்கும் முன் சர்ஜனிடம் ஒன்று கேளுங்கள். இரண்டு தேர்வுக்கும் தழும்பு எங்கெங்கே வரும் என்று மார்க்கர் பேனாவால் உங்கள் தோலிலேயே வரைந்து காட்டச் சொல்லுங்கள், பெண் நர்ஸ் ஒருவர் உடன் இருக்க. ஒரு பக்கம் இம்ப்ளான்ட் மட்டும், மறுபக்கம் லிஃப்டோடு. அந்த மையோடு வீட்டுக்குப் போய், வழக்கமாகப் போடும் பிளவுஸைப் போட்டும் கழற்றியும் கண்ணாடியில் பாருங்கள். மை அழிய இரண்டு மூன்று நாள் ஆகும்.